பனாட்டும் மூடற்பெட்டியும்

ஆவணி மாதத்து விடியற்காலையில் யாழ்ப்பாணக் குடாநாட்டின் வளவுகளிலே பனம்பழம் விழும் ஓசை கேட்கும். முன்னாளில் அவ்வோசைக்குக் கடகத்துடன் எழுந்து செல்வோர் பலர். இன்று பல வளவுகளில் பழத்தை மாடு சூப்புகின்றது. எஞ்சியது வேலியோரத்தில் அழுகுகின்றது. அதே வீட்டார் நவராத்திரிக்கும் தீபாவளிக்கும் உறவினருக்குக் கொடுப்பதற்கெனத் தகரப் பேணியில் அடைத்த பிசுக்கோத்தைக் கடையில் வாங்குகின்றனர். வளவில் கிடந்த பண்டம் மண்ணாய்ப் போகின்றது. கையிலிருந்த காசு கடைக்குப் போகின்றது. கமக்காரக் குடும்பமொன்றுக்கு இது தகுமா என்பதைச் சிந்தித்தல் வேண்டும்.

நேரமில்லை என்பதே பெரும்பாலோர் கூறும் காரணம். மானாவாரி நெல் விதைப்புக்கு நிலத்தைப் பண்படுத்தும் காலமும் இதுவேயாதலின் இக்கூற்றை முற்றாகத் தள்ளிவிட முடியாது. ஆனால் பனாட்டு வேலையில் உண்மையான உழைப்பு களி பிசைவதில் மாத்திரமே உண்டு. பிந்திய வேலையை வெயில் பார்த்துக்கொள்ளும். பிசையும் பாரம் முழுவதும் பெண்களின் தலையில் விழுவதனாலேயே இத்தொழில் பல வீடுகளில் கைவிடப்பட்டது என்பதையும் ஒளிக்காமற் சொல்லவேண்டும். பழம் பொறுக்குவதும் பந்தர் போடுவதும் ஆண்களுக்கு இழுக்கான வேலைகள் அல்ல.

தானாக விழுந்த பழத்தை அன்றைக்கே எடுத்துக் கழுவி, மூக்கை நீக்கித் தோலை உரித்து, சிறிது நீர் தெளித்துப் பிசைந்து களியை எடுத்தல் வேண்டும். தும்பு போக வடித்த களியை, உயரமான பந்தரில் விரித்த ஓலைப்பாயிலே மெல்லியதாகப் பரப்புக. முதற் பூச்சு நன்கு காய்ந்த பின்னரே அடுத்த பூச்சு இடப்படும். அவசரப்பட்டு ஈரத்தின்மேல் ஈரம் பூசினால் உள்ளே புளித்துவிடும். நல்ல வெயிலாயின் ஏறத்தாழ இரண்டு வாரத்தில் பனாட்டு பாயிலிருந்து உரிக்கும் பதத்துக்கு வரும். ஈ மொய்க்காதிருக்க மெல்லிய வலையால் மூடுவது நன்று.

பனங்களியிலுள்ள கசப்பு சப்போனின் வகையைச் சேர்ந்த ஒரு பொருளால் உண்டாவது; செய்தவர் கைக்குற்றமன்று. அது மரத்துக்கு மரம் வேறுபடும். எந்த மரத்துப் பழம் இனிக்கும் என்பதை வளவிலுள்ள முதியவர்கள் நன்கறிவர். அவர்கள் இருக்கும்பொழுதே கேட்டு மரத்தில் அடையாளமிட்டு வைத்தல் புத்தி.

இனி, பொதி செய்யும் விடயம். நன்கு காயாத பனாட்டைப் பொலித்தீன் உறையில் அடைத்தால் அது வியர்த்துப் பூஞ்சணம் பிடிக்கும். ஓலைப்பெட்டி காற்றை விடும். ஆயினும் ஐப்பசி, கார்த்திகை மழையின் ஈரத்தையும் அதுவே உள்ளே விடும். ஆகையால் ஓலையைப் புகழ்ந்தால் மாத்திரம் போதாது. பழைய வீடுகளில் பனங்கட்டிக் குட்டான்களை அடுப்புக்கு மேலே புகைபடத் தொங்கவிட்டது இவ்வீரத்தை அறிந்தேயாம். இன்று புகையடுப்பு இல்லாத வீட்டில், நன்றாகக் காய்ந்த பனாட்டைத் துண்டுகளாக்கி மூடி இறுகிய போத்தலில் வைத்து, கொடுக்கும் நாளில் மூடற்பெட்டிக்கு மாற்றுதலே சிறந்த வழி. பாணிப்பனாட்டாயின் போத்தலோடேயே பெட்டியில் வைத்துக் கொடுக்கலாம்; மாதக்கணக்கிற் கெடாது.

மெல்லிய பொலித்தீனுக்கு இந்நாட்டில் 2017 செப்டெம்பர் 1 ஆந் திகதி தொடக்கம் தடை விதிக்கப்பட்டது. எனினும் சந்தையில் ஓலைப்பெட்டி இன்னும் அழகுப் பொருளாகவே கருதப்படுகின்றது. பெட்டியின் விலையைப் பண்டத்தின் விலையோடு சேர்த்துக் கேட்கக் கமக்காரர் கூச்சப்படுவதும் இதற்கு ஒரு காரணம். பின்னிய கைக்கும் கூலி உண்டு. அதை வெளிப்படையாகவே கேட்கலாம். பெட்டிக்கெனக் குருத்தோலையை அளவின்றி வெட்டுவது மாத்திரம் கூடாது. 2009 இல் முடிவுற்ற போரிலே எண்ணற்ற பனைகள் அழிந்தன. எஞ்சி நிற்பவற்றை ஒரு பெட்டிக்காக நலிவிப்பது அறிவீனம். சாயமிட்ட சில ஈர்க்குகள் போக, மற்றப் பகுதியைச் சார்வோலையாலேயே பின்னலாம்.

பிசைந்தெடுத்த விதைகளை எறிந்துவிடலாகாது. மாரிமழைக்கு முன்னர் உயர்த்திய மணற்பாத்தியில் அவற்றை நெருக்கமாக அடுக்கி மூடினால், தை, மாசியிற் கிழங்கு கிண்டலாம். அவித்துண்டது போக மிஞ்சியதை ஒடியலாகவும் புழுக்கொடியலாகவும் காயவைத்தால், அடுத்த ஆடியில் கூழுக்கு மா வீட்டிலேயே இருக்கும். பாத்தியின் ஓரத்தில் பத்து விதைகளைக் கிண்டாமல் விட்டுவிடுக. பட்டுப்போன மரங்களின் இடத்துக்கு அவை வேண்டும்.