ரெண்டு தகடு இருந்தா வீரனா?

விஸ்லர் மலையில பனிச்சறுக்குற நம்மாளுங்க பலபேருக்கு ஒரு வியாதி. "நான் அட்வான்ஸ்டு, இருக்குறதுலயே விறைப்பான ஆல் மவுண்டன் ஸ்கீ குடுங்க." கடைக்காரரும் ரெண்டு டைட்டனால் தகடு வெச்சதை நீட்டுவார். டைட்டானியம்னு பூரிக்காதீங்க சாமி, அது அலுமினியக் கலவை.

தகடு வேஸ்ட்னு சொல்லல. பலரும் ஓட்டிக் குலைஞ்ச பனியில வேகமா இறங்கும்போது அதிர்வை அடக்கும். ஃபோல்கல் மாண்ட்ரா, நார்டிகா என்ஃபோர்சர் எல்லாம் அங்கே ராஜா. ஆனா ஸ்கீயை வளைச்சாத்தான் அழகாத் திரும்பும். வளைக்க எடையும் வேகமும் வேணும்.

அடியேன் 62 கிலோ. வீறாப்புல 185 செ.மீ. நீளத்துல ஒண்ணு வாங்கி, சாயங்காலம் களைச்ச காலோட பனிமேடுகளுக்குள்ள போனேன். ஸ்கீ திரும்பல, முழங்கால் திரும்பிச்சு! ஆறு வாரம் கட்டு. தப்பு ஸ்கீ மேல இல்ல, என் ஜம்பத்து மேல.

அட்வான்ஸ்டுங்கறது திறமை, எடை இல்ல. கடையில முதல்ல உங்க எடை, வேகம், அதிகம் ஓட்டுற இடம் மூணையும் சொல்லுங்க. இடுப்பகலம் 88 மி.மீ.யா 100 மி.மீ.யாங்கறது அப்புறம். ஒருநாள் வாடகைக்கு எடுத்து, கடைசி இறக்கத்துல சோதிச்சுப் பாருங்க.

காலங்காத்தால எல்லா ஸ்கீயும் நல்ல ஸ்கீதான் மக்கா!