மூட்டைக் கணக்கும் தங்கவயலும்

கணிப்பொறி படிக்கும் நம் வீட்டுப் பிள்ளைகளுக்கு ‘நாப்சாக்’ என்றொரு கணக்கு உண்டு. நாப்சாக் என்றால் முதுகுப் பை. பை தாங்கும் எடைக்குள் எந்தெந்தப் பொருளை எடுத்தால் மொத்த மதிப்பு அதிகமாகும்? ரயில்வேயில் காலம் கழித்த எனக்கு இது வேகனில் சரக்கு ஏற்றும் கணக்காகவே தெரிகிறது.

பை 10 கிலோ தாங்கும். 6 கிலோ பொருள் ஒன்று, மதிப்பு 30. 5 கிலோ பொருள் இரண்டு, மதிப்பு தலா 20. கிலோவுக்கு எது அதிகம் என்று பார்த்து 6 கிலோவை எடுத்தால் வேறெதுவும் கொள்ளாது, 30-தான் மிஞ்சும். 5 கிலோ இரண்டையும் எடுத்தால் 40. பொருள் தங்கத்தூளாக இருந்தால் மீதி இடத்தையும் நிரப்பலாம். அப்போது கிலோ மதிப்பைப் பார்ப்பதே சரி. உடைக்க முடியாத பொருள்களுக்கு, ஒவ்வொரு எடைக்கும் கிடைக்கும் அதிகபட்ச மதிப்பைப் படிப்படியாக அட்டவணை போட்டுக்கொண்டே போக வேண்டும். பெல்மன் என்ற அமெரிக்கக் கணித அறிஞர் 1950-களில் வகுத்த வழி இது.

இப்போது அம்மாவின் மருந்து 1 கிலோ இருக்கிறது என்று வையுங்கள். அதற்கு மதிப்பு 5 என்று எழுதினால், 30-ம் 5-ம் சேர்ந்து 35. 40-தான் பெரிது என்று கணக்கு மருந்தை வெளியே தள்ளிவிடும். ‘மருந்து கட்டாயம்’ என்று நிபந்தனையாக எழுதினால் தள்ள முடியாது. மதிப்பை இன்னொரு மதிப்பு வெல்லும். நிபந்தனையை எதுவும் வெல்லாது.

கோலார் தங்கவயலை நினைத்துப் பாருங்கள். வட ஆர்க்காட்டிலிருந்து வந்த நம்மவர்கள் தலைமுறை தலைமுறையாக 3 கிலோமீட்டர் ஆழத்துக்கும் கீழே இறங்கி உழைத்த சுரங்கம் அது. எடுக்கும் செலவுக்குத் தங்கத்தின் விலை கட்டவில்லை என்று 2001 பிப்ரவரி 28 அன்று மூடப்பட்டது. கூட்டல் கழித்தலில் பிழை இல்லாமல் இருக்கலாம். ஆனால் தொழிலாளர் குடும்பங்கள் அதில் நிபந்தனையாக நின்றிருந்தால், மாரிகுப்பத்திலிருந்து விடியற்காலை ரயிலேறிப் பெங்களூருக்குப் பிழைக்கப் போகும் கூட்டம் இவ்வளவு இருந்திருக்காது என்பது என் கருத்து.

அங்குள்ள 13 சயனைடு மண்மேடுகளிலிருந்து தங்கம் எடுக்க 2024-இல் கர்நாடக அமைச்சரவை ஒப்புதல் தந்தது. உள்ளூர்க்காரருக்கு வேலை, ஊருக்குள் தூசி பறக்காத ஏற்பாடு, குடியிருப்போரின் வீடு ஆகிய மூன்றும் அந்தக் கணக்கில் நிபந்தனையாக ஏற வேண்டும். மதிப்பாக எழுதினால் தங்கத்தின் விலை அவற்றைத் தள்ளிவிடும்.

இத்தகைய கணக்குகளை எழுதும் வேலையில் இன்று நம் பிள்ளைகள் பலர் இருக்கிறார்கள். எது மதிப்பு, எது நிபந்தனை என்று முதலில் கேட்கும் பழக்கத்தை நாம் வீட்டிலேயே கற்றுக்கொடுப்போம்.