ஆம்புலன்ஸா... ஃபயர் சர்வீஸா?

அமெரிக்காவில் இருக்கும் உங்கள் அண்ணன் மகன் ஒருநாள் போனில், ''நான் பாராமெடிக் ஆகப் போறேன் அத்தை'' என்கிறான். மறுவாரமே, ''ஃபயர் டிபார்ட்மென்ட்டுக்கு அப்ளிகேஷன் போட்டுட்டேன்'' என்கிறான். 'ஒரு நிலையில நிக்க மாட்டியாடா?' என்று அதட்டத் தோன்றும். பொறுங்கள்! அவன் சொல்வது இரண்டுமே ஒரே வேலையாக இருக்கலாம்.

நமக்கு இதில் குழப்பம் இல்லை. நெஞ்சுவலி என்றால் 108, தீ என்றால் 101. இரண்டும் வேறு வேறு ஆட்கள். அங்கே எல்லாவற்றுக்கும் 911தான். பல ஊர்களில், மயங்கி விழுந்தவரைப் பார்க்க முதலில் வந்து நிற்பதே சிவப்பு நிற தீயணைப்பு வண்டிதான். ஆம்புலன்ஸும் அதே துறையுடையதாக இருக்கும். பாஸ்டன், ஆஸ்டின் போன்ற ஊர்களிலோ ஆம்புலன்ஸுக்கென்றே தனித்துறை.

சரி, பிள்ளை எதில் சேர்வது நல்லது? பெரியவர்கள் நாம் உடனே கேட்பது சம்பளமும் பென்ஷனும்தான். அந்தக் கணக்கில் பெரும்பாலும் தீயணைப்புத் துறையின் கைதான் ஓங்கியிருக்கும். ஆனால், அதைவிட முக்கியமான கேள்வி ஒன்று இருக்கிறது. அங்கே பதவி உயர்வு என்றால், நோயாளியை நோக்கிப் போவதா, நோயாளியை விட்டுப் போவதா?

நியூயார்க்கைப் பாருங்கள். 1996-ல் ஆம்புலன்ஸ் சேவையைத் தீயணைப்புத் துறையோடு இணைத்தார்கள். துறை ஒன்றானது, சம்பளம் ஒன்றாகவில்லை. தீயணைப்பு வீரருக்குத்தான் கூடுதல். விளைவு? ஆம்புலன்ஸில் நாலு வருஷம் வேலை பார்த்துக் கை தேறியவர், பரீட்சை எழுதித் தீயணைப்புப் பக்கம் போய்விடுகிறார். அதற்குப் பெயர் பதவி உயர்வு! நோயாளிக்கு மிஞ்சுவது புதுமுகம்.

அதற்காகத் தீயணைப்புத் துறையே வேண்டாம் என்று சொல்லவில்லை. சியாட்டிலில் 1970-லிருந்தே இந்தச் சேவை தீயணைப்புத் துறையின் கையில்தான் இருக்கிறது. ஆனால், அங்கே ஏணி வேறு திசையில் சாய்த்து வைக்கப்பட்டிருக்கிறது. முதலில் தீயணைப்பு வீரர், அவர்களில் தேர்ந்தெடுத்தவர்களுக்குப் பல்கலைக்கழக மருத்துவர்களிடம் பல மாதப் பயிற்சி, அதன்பிறகே பாராமெடிக். அதுதான் மேல்படி. நின்றுபோன இதயத்தை மீட்பதில் அந்த ஊருக்கு உலகப் பெயர்.

பாஸ்டனில் ஆம்புலன்ஸ் சேவை பொது சுகாதார ஆணையத்தின் கீழ் வருகிறது. மேலே ஏறினாலும் மருத்துவத்துக்குள்ளேயேதான் ஏற வேண்டும். தீயில் இறங்க மனசில்லாத, நோயாளியின் பக்கத்திலேயே இருக்க ஆசைப்படும் பிள்ளைக்கு இந்த மாதிரி தனித்துறைதான் சரி என்பது என் கட்சி. சம்பளம் கொஞ்சம் குறைந்தாலும் பரவாயில்லை.

ஆகவே, அடுத்த தடவை போன் வரும்போது அதட்டாமல் கேளுங்கள்: ''கண்ணா, உனக்குப் பிடிச்சது தீயை அணைக்கிறதா, நாடி பிடிச்சுப் பார்க்கிறதா? இரண்டும்தான்னா தாராளமா ஃபயர் சர்வீஸுக்குப் போ. நாடிதான்னா, பென்ஷனுக்காக மாத்திக்காதே. ஆம்புலன்ஸை மட்டும் அடுத்த ரயிலுக்குக் காத்திருக்கிற பிளாட்ஃபாரமா நினைக்காதே.''

ஏனென்றால், ராத்திரி இரண்டு மணிக்கு நெஞ்சைப் பிடித்துக்கொண்டு 911-ஐக் கூப்பிடுவது உங்கள் அண்ணனாகவே இருக்கலாம். அப்போது கதவைத் தட்டுகிறவர் கை தேறியவராக இருக்க வேண்டாமா?