கடைசி முழம் மெலிசாக இருக்கட்டும்

தூண்டில் போடுகிறவர்கள் கோலைப் பற்றிப் பேசுவார்கள். முள்ளைப் பற்றிப் பேசுவார்கள். நாக்குப்பூச்சிக்கு எந்த மீன் வரும், மைதா உருண்டைக்கு எந்த மீன் வரும் என்று டீக்கடையில் ஒரு மணி நேரம் வாதாடுவார்கள். மெயின் நரம்புக்கும் முள்ளுக்கும் நடுவில் கட்டுகிற அந்த இரண்டு முழம் நரம்பைப் பற்றி மட்டும் யாரும் வாயைத் திறப்பதில்லை. நம்ம பக்கத்தில் பாதிப் பேர் அதைக் கட்டுவதே இல்லை. சுருளில் இருக்கிற நரம்பிலேயே நேராக முள்ளைக் கட்டிவிடுகிறார்கள்.

இங்கிலீஷ்காரர்கள் அதற்கு லீடர் என்று பேர் வைத்திருக்கிறார்கள். நான் இங்கே நுனி நரம்பு என்றே எழுதுகிறேன். என் கட்சி இதுதான்: நுனி நரம்பு தனியாக இருக்க வேண்டும், அது மெயின் நரம்பைவிட மெலிசாக இருக்க வேண்டும். அறுந்தால் அது ஒன்றுதான் அறுக வேண்டும்.

இதைச் சொன்னால் கச்சிராயபாளையம் பக்கத்துப் பையன்கள் சிரிக்கிறார்கள். "சார், அறுந்துபோகிற மாதிரி யாராவது வேணும்னே கட்டுவாங்களா?" என்று ஒருவன் கேட்டான். கட்டுவார்கள் தம்பி. மின்வாரியத்தில் 34 வருஷம் நான் கட்டினது அதைத்தான்.

ஒவ்வொரு வீட்டிலும் மீட்டருக்குப் பக்கத்தில் பீஸ் கட்டை இருக்குமே, அதற்குள் ஒரு மெல்லிய கம்பி இருக்கும். மொத்த வயரிங்கிலும் பலவீனமான இடம் அதுதான். ஏதாவது கோளாறு என்றால் அது எரிந்து போகும், வீடு தப்பிக்கும். அடிக்கடி பீஸ் போகிறதே என்று சிலர் அந்த இடத்தில் தடியான செம்புக் கம்பியை முறுக்கி வைத்துவிடுவார்கள். அப்புறம் பீஸ் போகாது. வயரே எரியும், மோட்டாரே புகையும். கரும்புக்குத் தண்ணீர் பாய்கிற நேரத்தில் மோட்டார் காயில் போன விவசாயியின் முகத்தைப் பார்த்தவர்களுக்கு, பலவீனமான ஒரு துண்டுக்கு என்ன மதிப்பு என்று தெரியும். நுனி நரம்பும் தூண்டிலின் பீஸ் கம்பிதான்.

கோமுகியும் மணிமுக்தாவும் கல்வராயன் மலைத் தண்ணீரை நம்பி இருக்கிற ஆறுகள். 46 அடி கோமுகி அணையும் 36 அடி மணிமுக்தா அணையும் ஐப்பசி, கார்த்திகை மழைக்கு நிரம்பினால்தான் கீழே தண்ணீர். மற்ற மாதங்களில் ஆறு என்பது மணலும் வேலிக்காத்தானும் அங்கங்கே தேங்கி நிற்கிற மடுவும்தான். அந்த மடுவின் அடியில் என்ன இருக்கும்? பாறை, வேர், முள்ளுக்கிளை, யாரோ விட்டுப்போன பழைய வலை. பத்துத் தடவை வீசினால் ஒரு தடவையாவது முள் எதிலாவது மாட்டும். அப்போது இழுத்துத்தான் அறுக்க வேண்டும். நுனி நரம்பு மெலிசாக இருந்தால் இரண்டு முழம் போகும். ஒரே தடிமனில் கட்டியிருந்தால் எங்கே பலவீனமோ அங்கே அறுக்கும். கல்லில் உரசிய இடமாக இருக்கலாம், கோல் நுனிக்குப் பக்கத்திலும் இருக்கலாம். இருபது மீட்டர் நரம்பு ஆற்றோடு போகும்.

அந்த இருபது மீட்டர் என்ன செய்யும் என்று பார்த்திருக்கிறேன். இரண்டு வருஷத்துக்கு முன்னால் ஒரு தடுப்பணைக்குக் கீழே வேலிக்காத்தான் மரத்தில் ஒரு கொக்கு தலைகீழாகத் தொங்கிக்கொண்டிருந்தது. காலில் ஒரு சுற்று, இறக்கையில் மூன்று சுற்று, மிச்சம் கிளை முழுக்க. துரட்டி வைத்து இறக்கினேன். செத்து ஒரு நாள் இருக்கும். நரம்பு மட்டும் புதுசு மாதிரி பளபளவென்று இருந்தது. ஒரு முழ நரம்பால் ஒரு கொக்கை மரத்தோடு சேர்த்துக் கட்ட முடியாது. இருபது மீட்டரால் முடியும். காய்ந்த ஆற்றில் மாடு மேய்க்கிறவர்களுக்கும் இது தெரியும். மாட்டுக் குளம்பில் சுற்றிக்கொண்ட நரம்பு இறுக இறுக உள்ளே இறங்கும்.

என் தாத்தா காலத்தில் இந்தத் தொல்லை கிடையாது. அவர் பருத்தி நூலில் கட்டினார். ஆற்றில் விட்டால் அது மக்கிவிடும். ஐரோப்பாவில் அந்தக் காலத்தில் குதிரை வால் மயிரை முறுக்கிக் கட்டினார்கள். அப்புறம் பட்டுப்புழு வந்தது. நூல் விடத் தயாரான புழுவைக் காடியில் ஊறப்போட்டு, அதன் பட்டுச் சுரப்பியை இழுத்து நீட்டினால் கெட்டியான ஒரு நரம்பு கிடைக்கும். ஸ்பெயினில் முர்சியா என்கிற ஊர் இந்தத் தொழிலுக்குப் பேர் போனது. நம் மெட்ராஸ் மாகாணத்தில் சிவில் சர்வீஸில் இருந்த எச்.எஸ். தாமஸ், இந்தியத் தூண்டிலைப் பற்றி 1873இல் ஒரு புத்தகமும், ஏரி குளங்களில் தூண்டில் போடுவதைப் பற்றி 1887இல் இன்னொன்றும் எழுதினார். அவர் காலத்துத் துரைமார் நுனியில் கட்டினது அந்தப் பட்டுப்புழு நரம்பைத்தான். 1938இல் அமெரிக்காவின் டூபாண்ட் கம்பெனி நைலானை அறிவித்தது. அதோடு குதிரை மயிரும் பட்டுப்புழுவும் ஓய்ந்தன. மக்குகிற சரக்கு போய் மக்காத சரக்கு வந்தது. நான் நைலானைத் திட்டவில்லை, நானும் அதில்தான் பிடிக்கிறேன். மக்காத பொருளைக் கையில் எடுக்கிறவன், எவ்வளவை ஆற்றில் விட்டுவிட்டு வருகிறோம் என்று கணக்குப் பார்க்க வேண்டும்.

இப்போது பையன்கள் செல்போனில் வெளிநாட்டுச் சால்மன் வீடியோ பார்த்துவிட்டு ஃப்ளூரோகார்பன் நரம்பு வாங்குகிறார்கள். 1971இல் ஜப்பானின் குரேஹா கம்பெனி கொண்டுவந்த சரக்கு அது. அதில் விஷயம் இல்லாமல் இல்லை. தண்ணீரின் ஒளிவிலகல் எண் 1.33. ஃப்ளூரோகார்பனுக்கு 1.42, நைலானுக்கு 1.5க்கு மேல். தண்ணீருக்கு நெருக்கமாக இருப்பதால் ஃப்ளூரோகார்பன் மீன் கண்ணுக்குக் குறைவாகத் தெரியும். நைலான் தண்ணீரைக் குடித்துக் கொஞ்சம் பலம் இழக்கும், இது இழக்காது. கல் உரசலையும் தாங்கும். நைலானைவிட கனம், அதனால் சீக்கிரம் மூழ்கும்.

சால்மன்காரர்களுக்கு இதெல்லாம் தேவைதான். அட்லாண்டிக் சால்மன் முட்டையிடக் கடலிலிருந்து ஆற்றுக்கு ஏறியதும் இரை தேடுவதையே நிறுத்திவிடும். பசியில்லாத மீனை, கண்ணாடி மாதிரித் தண்ணீரில், சீண்டிக் கடிக்க வைக்க வேண்டும். அதனால் 9 அடி முதல் 15 அடி வரை நுனி நரம்பு விடுகிறார்கள். சால்மன் குடும்பத்து மீன் நம் மாநிலத்தில் வேண்டுமென்றால் நீலகிரிக்குப் போக வேண்டும். அங்கே அவலாஞ்சியில் 1907இல் தொடங்கிய ட்ரவுட் பண்ணை இருக்கிறது. அந்த மலைத் தண்ணீருக்கு இந்த யோசனையெல்லாம் பொருந்தும். மழை முடிந்த கோமுகியில் தண்ணீர் டிகாஷன் போடாத டீ மாதிரி இருக்கிறது. ஒரு சாணுக்குக் கீழே உங்கள் கையே உங்களுக்குத் தெரியாது. அங்கே கண்ணுக்குத் தெரியாத நரம்புக்குக் காசு கொடுப்பது, கரண்ட் போன வீட்டில் பல்ப் மாற்றுவது மாதிரிதான். கெண்டையும் ஜிலேபியும் கெளுத்தியும் சாதாரண நைலானிலேயே வரும்.

நம் தண்ணீரில் உண்மையில் வேலை செய்வது தடிமன்தான். நரம்பின் தடிமனை இரண்டு மடங்காக்கினால் பலம் நான்கு மடங்காகும். ஆனால் விறைப்பு பதினாறு மடங்காகும். இது கம்பிக்கும் பொருந்தும், நரம்புக்கும் பொருந்தும். விறைத்த நரம்பில் தொங்குகிற நாக்குப்பூச்சி ஆணியடித்தது மாதிரி நிற்கும். மெலிந்த நரம்பில் அது இஷ்டத்துக்கு நெளியும். மீனுக்குச் சந்தேகம் வருவது அங்கேதான். கல்வராயன் மலைமேலே, வெள்ளிமலைப் பக்கத்து ஓடைகளில் தண்ணீர் தெளிவாக இருக்கும்போதும் இதே கதைதான். மெலிந்த நைலானே அங்கே போதும்.

எவ்வளவு மெலிசு என்று கேட்பீர்கள். மெயின் நரம்பின் பலத்தில் முக்கால் பங்கு என்று வைத்துக்கொள்ளுங்கள். மெயின் 0.35 மி.மீ. என்றால் நுனி 0.30 மி.மீ. கணக்குப் போட்டால் சுமார் 73 சதவீதம் வரும். அல்லியும் கோரையும் மண்டிய ஏரியில் விரால் பிடிக்கப் போனால் மெயின் 0.45, நுனி 0.40 என்று இரண்டையும் ஏற்றிக்கொள்ளுங்கள். வாளைக்குப் பல் அதிகம், நைலானை நறுக்கிவிடும். அதற்கு முள்ளுக்கு மேலே ஒரு சாண் எஃகுக் கம்பி, அதற்கு மேலே மெயினைவிட மெலிந்த நைலான் ஒரு முழம். ஆள் மாறினாலும் முறை ஒன்றுதான்.

என்னோடு சண்டைக்கு வருகிறவர்கள் ஒரு நியாயமான கேள்வி கேட்கிறார்கள். நுனி அறுந்தால் மீன் வாயில் முள்ளோடு போகுமே, அது பாவம் இல்லையா? பாவம்தான். அதனால்தான் நூல் மாதிரி மெலிசாகப் போகாதீர்கள் என்கிறேன். ரொம்ப மெலிந்த நரம்பில் மீனை அரை மணி நேரம் விளையாட்டுக் காட்டிச் சோரவைப்பதும் கொடுமையே. ஸ்காட்லாந்து ஆறுகளில் பிடிக்கிற சால்மனைப் பெரும்பாலும் திரும்பத் தண்ணீரிலேயே விட்டுவிடுகிறார்கள். களைத்துப்போன மீனை விட்டு என்ன பயன் என்று அங்கே மிகவும் மெலிந்த நரம்பை விரும்புவதில்லை. முக்கால் பங்கு என்பது இரண்டு பக்கமும் பார்த்துச் சொன்ன கணக்கு. முழு நரம்போடு போன மீன் அடுத்த வேரில் கட்டுண்டு சாகும். ஒரு முழத்தோடு போன மீனுக்குப் பிழைக்க வழி உண்டு.

இன்னொரு வாதம், பின்னல் நரம்பு. இப்போது மலிவாக வருகிறது. தலைமுடி மாதிரி மெலிசு, ஆனால் இழுத்தால் விரல்தான் அறும். அதை மெயினாகப் போடுங்கள், தப்பில்லை. அதிலேயே நேராக முள் கட்டுவதுதான் நான் சொன்ன செம்புக் கம்பி பீஸ். பின்னல் நரம்பு போட்டவர்களுக்குத்தான் நைலான் நுனி கட்டாயம் வேண்டும்.

சட்டம் போட்டால்தான் கேட்பார்கள் என்று ஒரு நண்பர் சொன்னார். இங்கிலாந்தில் அப்படி நடந்தது. தூண்டில்காரர்கள் விட்டுப்போன ஈயக் குண்டுகளை விழுங்கி தேம்ஸ் நதியின் அன்னங்கள் செத்தன. 1987இல் சின்ன ஈயக் குண்டுகளுக்குத் தடை வந்தது. தடை வருவதற்குள் எத்தனை அன்னம் போயிருக்கும்! நம் கொக்குக்காகச் சட்டம் வரும்வரை காத்திருக்க வேண்டியதில்லை. இரண்டு முழ நைலானுக்கு ஒரு ரூபாய்கூட ஆகாது.

மிச்சம் எல்லாம் சின்னச் சின்ன வேலை. முடிச்சை இறுக்கும் முன் எச்சில் தொட்டு ஈரமாக்குங்கள். காய்ந்த முடிச்சு உரசிச் சூடாகிப் பலம் போகும். நைலான் சுருளை வெயிலில் வைக்காதீர்கள், பைக் பெட்டியிலும் போட்டு வைக்காதீர்கள். நுனியை விரலால் நீவிப் பாருங்கள். சொரசொரவென்று இருந்தால் வெட்டி எறிந்துவிட்டு, மன்னிக்கவும், எறியாமல் சட்டைப்பையில் போட்டுக்கொண்டு புதுசு கட்டுங்கள். வீட்டுக்கு வந்து விரற்கடை அளவுத் துண்டுகளாக நறுக்கிக் குப்பையில் போடுங்கள். அணைகளில் பெரும்பாலும் மீன்பிடி உரிமை குத்தகையில் இருக்கும். கேட்டுவிட்டு வீசுங்கள்.

பழைய தொழில் புத்தி, ஒன்று மட்டும் சொல்லிவிடுகிறேன். கடையில் விற்கிற கார்பன் கோல் மின்சாரத்தைக் கடத்தும். ஆற்றைக் குறுக்கே கடக்கிற லைனுக்குக் கீழே நின்று அதைத் தூக்கி வீசாதீர்கள். தலைக்கு மேலே ஒரு தடவை பார்த்துவிட்டு வீசுங்கள். அங்கே எந்த பீஸும் உங்களைக் காப்பாற்றாது.