றம் என்றால் நாகரிகம், பனஞ்சாராயம் என்றால் இழிவா?

கியூபாவிலே ‘கான்சான்சரா’ என்றொரு பானம் உண்டு. கரும்பிலிருந்து வடித்த சாராயம், தேன், தேசிக்காய்ப் புளி, சிறிது தண்ணீர், அவ்வளவே. 1868இல் ஸ்பானிய ஆட்சிக்கு எதிராகக் கிளர்ந்தெழுந்த விடுதலைப் போராளிகள் அருந்திய பானம் என்று கியூபர்கள் பெருமையோடு சொல்வார்கள். அந்நாட்டின் பழைய நகரமான திரினிடாட்டிலே அதனை மண்குவளையில் ஊற்றி உல்லாசப் பயணிகளுக்கு விற்கிறார்கள். ஏழையின் குடிவகை ஒரு தேசத்தின் அடையாளமாகிவிட்டது.

செய்முறையிலே பெரிய வித்தை எதுவுமில்லை. தேன் குளிர்ந்த சாராயத்திலே எளிதில் கரையாது, அடியிலே தங்கிவிடும். ஆகவே 15 மில்லிலீற்றர் தேனை அதேயளவு இளஞ்சூட்டு நீரிலே முதலில் கரைத்து, அதேயளவு தேசிக்காய்ப் புளியைச் சேர்த்து, பின்னர் 60 மில்லிலீற்றர் றம்மை ஊற்றிக் கலக்கி, பனிக்கட்டி இடவேண்டும்.

இதிலே றம்முக்குப் பதிலாகப் பனஞ்சாராயத்தை ஊற்றினால் என்ன குறைந்துவிடும்? தேனுக்கு வன்னிக் காடு இருக்கிறது. தேசிக்காய்க்கு நல்லூர் வளவுகள் போதும். பனஞ்சாராயம் வடிப்பதற்கென்றே வடமராட்சியிலே திக்கம் வடிசாலை எழுந்தது. சொல்லப்போனால் இந்தக் கலவை முறையே நம் பக்கத்துச் சரக்குத்தான். ஆங்கிலேயர் ‘பஞ்ச்’ என்று அழைக்கும் பானத்தின் பெயர், ஐந்து என்று பொருள்படும் இந்தியச் சொல்லிலிருந்து வந்தது என்பதே பலரும் ஏற்கும் கருத்து. 17ஆம் நூற்றாண்டிலே கிழக்கிந்தியக் கம்பனியார் அதனைக் கீழைத்தேயச் சாராயத்திலேதான் கலந்தார்கள். றம் பின்னர் வந்து சேர்ந்தது.

“குடியை வளர்க்கப் பார்க்கிறீரா?” என்று சிலர் சினப்பார்கள். 1822இல் நல்லூரிலே பிறந்த ஆறுமுக நாவலர் கள்ளுண்ணலைப் பாவம் என்றார். அவர் வழிநின்று ஒரு துளியும் தொடாதவர்களோடு எனக்கு வழக்கு இல்லை. குடியினால் சீரழிந்த குடும்பங்களையும், கசிப்பு கொண்டுபோன உயிர்களையும் நான் மறந்தவனுமல்லன். என் வழக்கு வேறு ஆட்களோடு. கலியாண வீட்டு மேசையிலே வெளிநாட்டு விஸ்கிப் போத்தலை அடுக்கிவைத்துவிட்டு, தவறணைப் பக்கம் போகிறவனைப் பார்த்து மூக்கைச் சுளிக்கும் கனவான்களோடுதான்.

அந்தச் சுளிப்பு மதுவின் மேலானதா? மது இரண்டிலும் உண்டு. பாளை சீவி முட்டி கட்டும் மனிதனின் சாதி மேலானது அது. அவன் இறக்கிய கள்ளை வேலிக்கு உள்ளே வாங்கிக் குடித்த வீடு, அவனை வேலிக்கு வெளியே நிறுத்தியது. 1968இல் மாவிட்டபுரத்திலே ஆலயப் பிரவேசம் கேட்டுப் போராட வேண்டியிருந்ததும் அதே மக்கள்தான். அவன் சாதிமேல் வைத்த இழிவைத்தான் அவன் இறக்கிய பானத்தின்மேலும் ஏற்றிவைத்தோம்.

கடல் கடந்தாலும் கதை இதுவே. தமிழ்நாட்டிலே பனைதான் மாநில மரம். ஆனால் 1987 முதல் அங்கே கள் இறக்குவது குற்றம். அரசே நடத்தும் டாஸ்மாக் கடையிலே றம் வாங்குவது குற்றமில்லை. மரமேறியவனுக்குச் சிறை, ஆலை முதலாளிக்கு அரசாங்கமே கடைக்காரன்!

இங்கே தடை இல்லை, புறக்கணிப்பு இருக்கிறது. பனை அபிவிருத்திச் சபை 1978இல் உருவானது. பனை தென்னை வளக் கூட்டுறவுச் சங்கங்களும் இருக்கின்றன. இருந்தும் திக்கம் வடிசாலை ஆண்டுக்கணக்கில் முடங்கிக் கிடந்ததை நாம் கண்டோம். யுத்தமும் எத்தனையோ பனைகளைத் தின்றது. காலையும் மாலையும் உயிரைப் பணயம் வைத்து மரம் ஏறும் தொழிலைப் பிள்ளைகள் ஏன் தொடர்வார்கள்? விழுந்தால் கைகொடுக்கும் காப்புறுதியும், இறக்கிய கள்ளுக்கு நியாய விலையும், வடிசாலையின் இலாபத்திலே பங்கும் இருந்தால் தொடர்வார்கள்.

புலம்பெயர்ந்த வாசகர்களுக்கு ஒரு வார்த்தை. குடிக்காதவர்கள் குடிக்கவேண்டாம். குடிப்பவர்கள், ரொறன்ரோவிலும் இலண்டனிலும் அடுத்த கொண்டாட்டத்துக்குப் போத்தல் வாங்கும்போது, “பனஞ்சாராயம் இருக்கிறதா?” என்று கடைக்காரரை ஒருமுறை கேளுங்கள். நாலு பேருக்கு முன்னால் உரக்கக் கேளுங்கள். அப்படிக் கேட்க வெட்கமாக இருந்தால், அந்த வெட்கம் எங்கிருந்து வந்தது என்று யோசித்துப் பாருங்கள்.