அயல்நாட்டு முதலும் நம் ஊர் மக்களும்

ஆண்டுதோறும் தைத் திங்கள் ஐந்தாம் நாளில் எம்மூராகிய மணலூர்பேட்டையில் ஆற்றுத் திருவிழா நடைபெறும். அன்று தென்பெண்ணையின் மணற்பரப்பு ஒரு சிறு நகரமாகவே மாறிவிடும். திரளும் மக்களை நாடி எங்கெங்கிருந்தோ வணிகர் வந்து கடை விரிப்பர். சின்னாட்களில் அங்கே சென்று காண்போமாயின் அடிச்சுவடுகளன்றி வேறொன்றும் இராது. அவ்வணிகர் வந்ததும் குற்றமன்று, சென்றதும் குற்றமன்று. அவர் சென்றபின் ஊரில் நின்றது யாது என்பதே கேள்வி. இக்கேள்வி இன்று எம் மாவட்டம் முழுமைக்கும் உரியதாயிற்று.

2019 நவம்பரில் விழுப்புரத்தினின்றும் பிரிந்து தனி மாவட்டமாகிய கள்ளக்குறிச்சி, நெல்லையும் கரும்பையும் மரவள்ளியையும் நம்பி வாழ்வது. மூங்கில்துறைப்பட்டுச் சர்க்கரை ஆலை போன்ற சிலவொழியப் பெருந்தொழில்கள் ஈண்டு அரியன. எம்மோடு பள்ளியிற் பயின்றாருட் பலர் திருப்பூருக்கும் பெங்களூருக்கும் சென்றுவிட்டனர். இந்நிலையில், 2023 ஏப்பிரலில் தைவான் நாட்டுப் பௌ சென் குழுமம் நம் மாநில அரசோடு ஓர் உடன்படிக்கை செய்துகொண்டது. உளுந்தூர்பேட்டைச் சிப்காட்டில் 2,302 கோடி ரூபாய் முதலீட்டிற் காலணித் தொழிற்சாலை நிறுவி, 12 ஆண்டுகளில் 20,000 பேருக்கு வேலை தருவது அதன் கருத்து.

இதுபற்றி எம்மூரில் இருவகைப் பேச்சுக் கேட்கின்றோம். முதியோர் சிலர், "வாணிகம் செய்ய வந்தவன் நாட்டை ஆண்ட கதையை மறந்தீர்களோ?" என்பர். அவர் அச்சம் அடியற்றதன்று. எம்மூரைத் தொட்டோடும் பெண்ணையாறு கடலிற் கலக்கும் கடலூர்ப் பக்கத்திலேதான் ஆங்கிலக் கம்பெனியார் 1690இல் ஒரு கோட்டையை விலைக்கு வாங்கினர். இளைஞர் சிலரோ, "வேலை வந்தாற் போதும், கேட்ட சலுகையெல்லாம் கொடுத்துவிடுக, தயங்கினால் அண்டை மாநிலம் கவர்ந்துகொள்ளும்" என்பர். இவ்விரண்டும் முழுவுண்மை அல்ல என்பதே எம் கருத்து. இதற்குச் சான்றாக, அயல்நாட்டு முதலாலே உயர்ந்த சிறு நாடொன்றின் கதையை நோக்குவோம்.

ஐரோப்பாவின் மேற்கோரத்திலுள்ள அயர்லாந்தின் மக்கள்தொகை அரைக் கோடிக்குச் சற்றே மிகுதி. 1845இல் தொடங்கிய உருளைக்கிழங்குப் பஞ்சத்தாற் பத்து இலட்சம் பேரைப் பலிகொடுத்து, மேலும் பல இலட்சம் மக்களைக் கடல்கடந்து போகவிட்ட நாடு அது. இன்று பிறநாட்டு நிறுவனங்கள் அதனைத் தேடி வருகின்றன. அதற்குக் காரணம் யாதென வினவினால், "வரி குறைவு" என்பர் பலர். 2003 முதல் ஆங்கு நிறுவன வரி நூற்றுக்குப் பன்னிரண்டரை என்பது மெய்யே. பெருங்குழுமங்களுக்கு 2024 முதல் நூற்றுக்குப் பதினைந்தாயிற்று. ஆயினும் குறைந்த வரியே போதுமாயின், வரியில்லாத் தீவுகளிலெல்லாம் ஆலைகள் எழுந்திருத்தல் வேண்டுமன்றோ? அயர்லாந்து 1967இல் உயர்நிலைக் கல்வியை இலவசமாக்கிற்று. 1973இல் ஐரோப்பியப் பொதுச் சந்தையிற் சேர்ந்தது. இன்டெல் நிறுவனம் அங்கே ஆலை அமைக்க 1989இல் முடிவு செய்தபோது, அவ்விலவசக் கல்வி பெற்ற தலைமுறை வேலைக்கு அணியமாய் நின்றது.

அக்கதைக்கு மறுபுறமும் உண்டு. லிமரிக் நகரிலிருந்த டெல் நிறுவனம் 2009இல் கணினி செய்யும் வேலையைப் போலந்துக்கு மாற்றியபோது ஏறத்தாழ 1,900 பேர் வேலையிழந்தனர். ஆப்பிள் நிறுவனம் அயர்லாந்துக்கு 1,300 கோடி யூரோ வரி செலுத்த வேண்டுமென ஐரோப்பிய ஆணையம் 2016இல் கட்டளையிட்டது. அதனைப் பெறவேண்டிய அயர்லாந்து அரசே அது தனக்கு வேண்டாவென வழக்காடித் தோற்றது. 2024 செப்டம்பரில் நீதிமன்றம் இறுதித் தீர்ப்பளித்தது. தனக்கு வரவேண்டியதை வாங்கவும் அஞ்சுமளவு விருந்தினரைச் சார்ந்திருத்தல் ஒரு நாட்டிற்கு நன்றோ?

நம் நாட்டிலும் இது கண்டதே. பின்லாந்தின் நோக்கியா நிறுவனம் 2006இல் திருப்பெரும்புதூரிற் கைப்பேசி ஆலையைத் திறந்தது. ஆயிரக்கணக்கான இளைஞரும் இளம்பெண்களும் அங்கே வேலை பெற்றனர். 2014 நவம்பர் முதல் நாளில் உற்பத்தி நின்றது. இருபதைத் தாண்டிய பருவத்திலேயே வேலையிழந்து வீடு திரும்பினோர் பலர். வேறு நிறுவனங்கள் பின்னர் அவ்வட்டாரத்திற்கு வந்தன என்பது ஆறுதலே. ஆனால் இழந்த ஆண்டுகளை யார் மீட்டுத் தருவார்?

ஆதலின் அயல்நாட்டாரை வரவேற்போம். வரும்போதே மூன்றனைக் கேட்போம். முதலாவது, கற்பிக்கும் தொழில் வேறோர் ஆலையிலும் மதிக்கப்படும் சான்றிதழோடு வருதல் வேண்டும். இரண்டாவது, ஆலைக்கு வேண்டும் அட்டைப்பெட்டி, நூல், பழுதுபார்ப்பு முதலியவற்றை இயன்றவரை இவ்வட்டாரச் சிறுதொழிலாளரிடமே பெறுதல் வேண்டும். மூன்றாவது, கல்வராயன் மலையூர்களிலிருந்தும் எம்போன்ற சிற்றூர்களிலிருந்தும் வரும் பெண்களுக்குப் பாதுகாப்பான தங்குமிடமும், பணியோடு மேற்படிப்பைத் தொடரும் வசதியும் இருத்தல் வேண்டும்.

எம் தெருவிற் பன்னிரண்டாம் வகுப்பு முடிக்கும் பெண்பிள்ளைகள், "அண்ணா, கல்லூரியா, ஆலையா, எதற்குப் போகலாம்?" என்று எம்மைக் கேட்கின்றனர். வீட்டுக் கடனை எண்ணினால் ஆலை என்றும், அவர் அறிவை எண்ணினாற் கல்லூரி என்றும் எம் நா தடுமாறுகின்றது. இவ்விரண்டில் ஒன்றை இழந்தே மற்றதைப் பெறலாம் என்னும் நிலை மாறுதல் வேண்டும். கல்லூரிப் படிகளை ஏறும் பேறு பெற்ற நாம், இதனை நம் ஊர் மன்றங்களிலும் அரசினர் முன்னும் எடுத்துரைக்கக் கடமைப்பட்டுள்ளோம். ஆலை ஒருநாள் போகலாம். கற்ற கை போகாது.