கைப்பேசியை எடுங்கள், தோழர்களே!

தோழர்களே! தீபாவளி போகட்டும், பிள்ளைக்குப் பரீட்சை முடியட்டும் என்று தள்ளாதீர்கள். இன்றே உங்கள் பெற்றோரிடம் பேசுங்கள்.

நம் சிங்கப்பூரை அதிகம் தாக்கும் புற்றுநோய்களில் பெருங்குடல் புற்றுநோயும் ஒன்று. குடலின் உட்சுவரில் சிறு சதைமொட்டாக முளைக்கும். வலிக்காது. புற்றாக மாறப் பெரும்பாலும் பத்தாண்டுபோல ஆகும். அதற்குள் மொட்டைக் கிள்ளிவிட்டால் நோயே இல்லை! தொடக்கத்தில் கண்டுபிடித்தால் பத்தில் ஒன்பது பேர் ஐந்தாண்டு கடந்தும் வாழ்கிறார்கள். உடலெங்கும் பரவியபின் கண்டால் கணக்கு ஏறக்குறைய தலைகீழ். நம் மௌனத்தின் விலை அது.

50 வயது ஆயிற்றா? ஆண்டுக்கு ஒரு முறை, மலத்தில் ரத்தம் இருக்கிறதா என்று பார்க்கும் ‘ஃபிட்’ பரிசோதனை. வீட்டுக் கழிப்பறை போதும். பட்டினி வேண்டாம், பத்தியம் வேண்டாம். குச்சியால் மலத்தைச் சுரண்டுங்கள், குப்பியில் போட்டு மூடுங்கள், அனுப்புங்கள். கண்ணுக்குத் தெரியாத ரத்தத்தையும் அது காட்டிக்கொடுக்கும். 2023-இல் தொடங்கிய ‘ஹெல்தியர் எஸ்ஜி’ திட்டத்தில் பதிந்த குடிமக்களுக்கு இலவசம். சிங்கப்பூர்ப் புற்றுநோய்ச் சங்கம் 50 வயது நிரம்பிய குடிமக்களுக்கும் நிரந்தரவாசிகளுக்கும் இலவசமாகவே தருகிறது.

இலவசம், தோழர்களே! பிறகு ஏன் நம் அப்பாக்கள் செய்துகொள்ளவில்லை?

பரிசோதனைக்கான நினைவூட்டல் ‘ஹெல்த்ஹப்’ செயலிக்குள் கிடக்கிறது. திறக்கப்போனால் சிங்பாஸ் கேட்கிறது. திரைக்குப் பின் திரை. கப்பல் பட்டறையில் காய்த்துப்போன விரல்கள் அங்கே தயங்கி நிற்கின்றன. இந்த நகரத்தைக் கட்டிய விரல்கள்! அவர்களுக்கு உரிய மருத்துவம் அவர்கள் கைக்கு எட்டாமல் இருப்பது அநியாயம். பக்கத்தில் உட்காருங்கள். கடவுச்சொல்லை வாங்கிக்கொள்ளாதீர்கள், அவர்கள் விரலாலேயே திறக்கச் செய்யுங்கள்.

இன்னொன்று இருக்கிறது. வெட்கம். நெஞ்சுவலி என்றால் புளோக்கே கூடிவிடுகிறது. மலத்தில் ரத்தம் என்றால் வாயைப் பொத்திக்கொள்கிறோம். “மூலமாகத்தான் இருக்கும்” என்று நாமே தீர்ப்பெழுதி விடுகிறோம். போதும்! ரத்தம் கண்ணில் பட்டால் பரிசோதனைப் பெட்டிக்குக் காத்திருக்காதீர்கள். மருத்துவரிடம் போங்கள். குடும்பத்தில் யாருக்காவது இந்த நோய் வந்திருந்தால் 50 வயதுவரை காத்திருக்கவும் வேண்டாம்; இப்போதே கேளுங்கள்.

குடும்ப வாட்ஸ்அப் குழுவில் காலை வணக்கமும் பூப்படமும் அனுப்பத் தெரிந்த நமக்கு இதைச் சொல்லத் தைரியம் இல்லையா? எங்கிருந்தோ வந்த செய்தியை அப்படியே அனுப்பிவிடாதீர்கள், அதை யாரும் படிப்பதில்லை. உங்கள் குரலில் பேசுங்கள். தமிழில் பேசுங்கள். “அம்மா, பெட்டி வந்துவிட்டதா? பிரி, நான் பார்க்கிறேன்” என்று வீடியோ அழைப்பில் கூடவே இருங்கள். இரண்டு மாதிரிகள், இரண்டு வெவ்வேறு நாள்கள். இரண்டாம் நாளுக்குக் கைப்பேசியில் மணி வையுங்கள். பாதியில் நிற்கும் பெட்டி யாரையும் காப்பாற்றாது.

பரிசோதனை முடிவில் ரத்தம் இருப்பதாக வந்தால் பதறாதீர்கள். அதனாலேயே புற்றுநோய் என்று அர்த்தமில்லை. ஆனால் விட்டுவிடாதீர்கள்! குடல் உள்நோக்கிப் பரிசோதனைக்கு நாள் குறியுங்கள். கூடப் போங்கள். அந்த முடிவைக் குழுவில் போடாதீர்கள். அது அவர்களுடைய அந்தரங்கம்.

நம்மைத் தவிர வேறு யார் வருவார்கள், தோழர்களே? செயலி நினைவூட்டும். கதவைத் தட்டுவது நாம்தான். இன்றிரவு தூங்குமுன் ஒரு குரல்பதிவு அனுப்புங்கள். நாளை பக்கத்து வீட்டுப் பெரியவரிடம் கேளுங்கள்: “பரிசோதனை செய்துவிட்டீர்களா?” இல்லை என்றால் அங்கேயே உட்கார்ந்து பதிவு செய்துகொடுங்கள்.